கடித்துப் பார்ப்பவள்

அவளை நான் மொத்தம் பதினோரு முறை பார்த்திருக்கிறேன். பதினொன்றிலும் அவள் என்னை நம்பவில்லை. பத்தில் நானும் அவளை நம்பவில்லை. மீதி ஒன்று இந்த வயதிலும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

'அவள்' என்றே எழுதுகிறேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவள். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அந்தக் காலத்தில் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது திடீரென்று மரியாதை கொடுத்தால், எதற்காக இது என்று முதலில் சந்தேகப்படுகிறவள் அவளாகத்தான் இருப்பாள்.

யுத்த காலம். ரங்கூன் அரிசி வருவது நின்றுபோயிருந்தது. தென்காசியில் சப்ளை ஆபீசில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாதத்துக்கு ஒருநாள் குற்றாலத்துக்கு நடந்துபோய், அங்கே இருந்த ஒரு கிட்டங்கியில் அரிசி இருப்பைச் சரிபார்க்க வேண்டும். அந்தக் கிட்டங்கி மலைச்சரக்குக் குத்தகைக்காரர் ஒருவருடையது. காட்டிலிருந்து பளியர்கள் கொண்டுவரும் தேன், மெழுகு, கடுக்காய், குங்கிலியம் எல்லாம் அங்கேதான் இறங்கும். ஐந்தருவிக்கு மேலே காட்டுக்குள் இருந்த அவர்களுடைய குடியிருப்புக்கு ரேஷன் கொடுக்கும் வேலையையும் அதே கிட்டங்கிக்கு விட்டிருந்தார்கள். தேனை வாங்குகிறவரே அரிசியையும் அளக்கிறார் என்பது எனக்கு முதல் நாளே சரியாகப் படவில்லை. ஆனால் நான் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

முதல் முறை பார்த்தபோது அவள் கிட்டங்கி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மூங்கில் கூடையில் அரிசியை அளந்து கொட்டியிருந்தார்கள். மேலிருந்து ஒரு மணியை எடுத்து, இடது கையால் வாயை மறைத்துக்கொண்டு, கடைவாயில் வைத்துக் கடித்தாள். 'டிக்' என்று ஒரு சத்தம். தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைத் தானே கேட்டாள். பிறகு கையை அரிசிக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு மணி. அதற்கப்புறம் நடுவிலிருந்து ஒன்று. துப்பினாள்.

கிட்டங்கிக் கணக்கப்பிள்ளைக்கு இது பழகிப்போயிருந்தது.

"என்ன தாயி, கடிச்சாச்சா? எந்த வருசத்து அரிசின்னு சொல்லு, நாங்க எழுதி வச்சுக்கிடுதோம்."

"மேல கெடக்கது போன வருசம். அடியில அதுக்கும் முந்தி. நடுவுல சுண்ணாம்பு."

"பூச்சி அடிக்கக் கூடாதுன்னு போட்டதுட்டி அது."

"பூச்சியே திங்காதத எனக்கு எதுக்குத் தார?"

நான் குனிந்து பார்த்தேன். நடுவில் சுண்ணாம்பு இருந்தது. அன்று அவள் மொத்தம் ஒன்பது மணி கடித்தாள். கணக்கப்பிள்ளை எனக்குக் கருப்பட்டிக் காப்பி வரவழைத்துக் கொடுத்து, "இவ பேச்செல்லாம் எழுதாதீங்க சார், கடிச்சுப் பாக்கலன்னா இவளுக்குப் பொழுது விடியாது" என்றார். நான் காப்பியைக் குடித்தேன். சுண்ணாம்பை எழுதவில்லை.

அரிசியை மட்டுமல்ல, எதையும் சோதிக்காமல் அவள் வாங்கியதில்லை. உப்பை நாக்கில் வைத்து, இரண்டு முறை எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் தலையை ஆட்டுவாள். புகையிலையைக் கசக்கி முகர்வாள். சேலைத் துணி கொடுத்தால் ஓரத்து நூலைப் பல்லால் இழுத்து அறுத்துப் பார்ப்பாள். கைநாட்டு வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். பென்சிலால் கோடு போட்டால் போதும் என்றேன். பென்சிலைக் கடித்துப் பார்த்தாள். அந்தப் பல்தடம் போட்ட பென்சிலை நான் தேய்ந்து போகும்வரை வைத்திருந்தேன். அதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆபீசில் மாதத்துக்கு ஒரு பென்சில்தான் தருவார்கள்.

பெயரை மூன்று முறை கேட்டேன். மூன்று பெயர் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "நீ ஒரே கேள்விய மூணு தடவ கேட்டா, நான் என்ன செய்ய?" என்றாள். என்னை 'நீ' என்றுதான் சொல்லுவாள். கணக்கப்பிள்ளையையும் 'நீ'தான். அது அவர்களுடைய பேச்சு வழக்கம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று அது என்மேல் வைத்த இளக்காரம் என்றே நினைத்தேன்.

எங்கள் பானையில் தண்ணீர் குடிக்க மாட்டாள். மழையில் நனைவாளே தவிரக் கிட்டங்கிக்குள் ஒதுங்க மாட்டாள். சாரல் நாட்களில், உள்ளே ஐந்து பேர் நிற்க இடம் இருக்கும்போது, அவள் மட்டும் வெளியே தேக்கிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே வந்தால் என்ன ஆகிவிடும் என்று ஒருநாள் கேட்டேன். "உள்ள வந்தா வெளிய என்ன நடக்குதுன்னு தெரியாது" என்றாள்.

இப்படி ஒருத்தி எல்லாரையும் சந்தேகப்பட்டால், அவளிடம் எதுவோ இருக்கிறது என்றுதானே நமக்குத் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. குறிப்பாக அவளுடைய வாய். கடிக்கும்போதும் பேசும்போதும் கையால் மறைத்துக்கொள்வாள். சிரித்து நான் பார்த்ததே இல்லை. மலைமேல் ஏலத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் காய்களைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக் கொண்டுவருவதாக அந்த நாளில் பேச்சு உண்டு. நான்காவது மாதம் தலையாரியை விட்டு அவளை வாயைத் திறக்கச் சொன்னேன்.

"ஏட்டி, சார் சொல்லுதாரு, வாயத் தொற. உள்ள என்ன, தங்கமா வச்சிருக்க?"

அவள் தலையாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அளந்து வைத்த ஒரு மாத அரிசியை அப்படியே போட்டுவிட்டு, எழுந்து மலையைப் பார்த்து நடந்தாள். மாலையில் அவளுடைய அண்ணன் வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு மாதச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் வாய்க்குள் எவ்வளவு பெரிய திருட்டு இருக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் முன்பெல்லாம் அரிசியை எதிர்பார்த்தவர்கள் இல்லை. காட்டில் வள்ளிக்கிழங்கும் கவலைக்கிழங்கும் தோண்டுவார்கள். தேன், கீரை, பழம், எப்போதாவது கறி. அந்தக் காட்டை ரிசர்வ் ஆக்கி, கிழங்கு தோண்டுவது குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள். தோண்டுகிற கம்போடு அகப்பட்டால் கம்பைப் பிடுங்கி ஆளையும் கொண்டுபோவார்கள். ஆக, கிட்டங்கி அரிசிதான் சாப்பாடு. அந்த அரிசியும் யுத்தத்தில் முழுதாக வராது. வராத பங்குக்கு ஈடாகக் கருப்பட்டி கொடுக்கலாம் என்று உத்தரவு இருந்தது. எங்கள் சீமையில் பனைக்குக் குறைவில்லை. கருப்பட்டி எப்போதும் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு கருப்பட்டியாக இருந்தது, பிறகு பாதியாயிற்று.

பசிக்கிற பிள்ளைக்குக் கருப்பட்டித் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக் கொடுத்தால் தூங்கிவிடும். பெரியவர்களும் அதைத்தான் செய்தார்கள். மாதாமாதம் நான் போகும்போது கன்னத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு ஐந்து, பிறகு எட்டு. எண்ணினேனே தவிர ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. எதுவோ சூழ்ச்சி என்றுகூட ஒரு மாதம் நினைத்தேன். எல்லாருமாகச் சேர்ந்து துணி கட்டிக்கொண்டு வந்து இரக்கம் சம்பாதிக்கிறார்கள் என்று.

அவள்தான் அவர்களுக்குப் பல் பிடுங்குவாள். கிட்டங்கிக்கு எதிரே ஓடைக்கரையில் ஒரு பாறை. முப்பது வயது ஆள் ஒருவனை அதில் உட்காரவைத்து, நாரில் சுருக்குப் போட்டுப் பல்லில் மாட்டினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கைய விடு."

"வலிக்குமா?"

"எனக்கு வலிக்காது. மேல பாரு, ஒம் பொண்டாட்டிக்குத் தேன் எடுத்துட்டு ஒருத்தன் போறான்."

அவன் மேலே பார்த்தான். அவள் சுண்டினாள். அவன் அலறியதைவிட, சுற்றி நின்றவர்கள் சிரித்ததுதான் அதிகம். அவள் சிரிக்கவில்லை. ஓடையில் பல்லைக் கழுவி, வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இலையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதை எதற்கு வைத்துக்கொள்கிறாய்?" என்றேன்.

"ஒங்கிட்டத் தரவா?"

வெட்டிய நகமும் உதிர்ந்த முடியும் பிறர் கையில் கிடைத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று மறைக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு உண்டு. இவள் ஒரு குடியிருப்பின் பல்லையெல்லாம் மறைத்துவைக்கிறாள் என்றால், எங்களில் யார் கையில் கிடைத்துவிடும் என்று பயப்படுகிறாள்? கிட்டங்கிக்காரர் கையிலா? என் கையிலா? எனக்கு மிகவும் கோபம் வந்தது.

அதற்கடுத்த மாதம்தான் ரேஷன் கார்டுக்காக ஆள் கணக்கு எடுக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு யூனிட், அதற்குக் கீழே அரை யூனிட். எங்கள் இன்ஸ்பெக்டர் எவிடன்ஸ் இல்லாமல் எதையும் ஏற்காதவர். மலைக்காரர்களுக்கு வயது தெரியாது. பிறப்புப் பதிவு கிடையாது. கேட்டால் எல்லாரும் பெரியவர்கள் என்றுதான் சொல்வார்கள், என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்.

நான்தான் சொன்னேன். அதை வேறு யார்மேலும் போட முடியாது. பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது: பிள்ளைகளுக்கு இருபது பல், பெரியவர்களுக்கு முப்பத்திரண்டு. இரண்டுக்கும் நடுவே இருபத்தாறு. நான் தாராளமாக இருபத்து நான்கு என்று வைத்தேன். இருபத்து நான்கும் அதற்கு மேலும் இருந்தால் பெரியவர். எண்ணிவிடலாம், ஏமாற்ற முடியாது. இன்ஸ்பெக்டர் மேசையில் தட்டி, "குட்" என்றார். என் உத்தியோகத்தில் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

குடியிருப்பில் நாற்பத்திரண்டு பேர். வரிசையாக நிறுத்தினோம். தலையாரி மாட்டு வியாபாரமும் பார்த்தவன். கீழுதட்டை இறக்கி, கட்டைவிரலைக் கடைவாயில் விட்டு, "நாலு பல்லு" என்று ஆரம்பித்து, "மன்னிக்கணும் சார், பதினெட்டு" என்று திருத்திக்கொள்வான். நான் எழுதினேன். அவளுடைய அண்ணன் நரைத்த தலையோடு வந்து நின்றான். பதின்மூன்று. அரை யூனிட்.

"சாமி, எனக்குப் பேத்தி இருக்கா. நான் பிள்ளையா?"

"பல் இல்லையே."

"பல்லு போனதுனாலதான் சாமி கெழவன் ஆனேன்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எண்ணிக்கை தவறிவிடும். எல்லாருக்கும் ஒரே விதி, அதில் அநியாயம் எங்கிருந்து வரும் என்று அன்று மனதார நம்பினேன். அவள் முறை வந்தபோது உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலையாரி விரலை நீட்டினான்.

"நீட்டின வெரலு திரும்பாது" என்றாள், உதட்டைப் பிரிக்காமலே.

விரல் திரும்பிவிட்டது. வாயைத் திறக்காதவர் பெயருக்கும் அரை யூனிட் என்று எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். மொத்தத்தில் எட்டுப் பேர் பெரியவர்கள், முப்பத்து நான்கு பேர் பிள்ளைகள். இருபத்தைந்து யூனிட்.

இறங்கி வரும் வழியில் இன்ஸ்பெக்டர் இன்னொன்றும் சொன்னார். "கவனிச்சீரா? பாதிப் பேருக்குப் பல் போச்சு, கருப்பட்டி தின்று. அப்படியிருக்கையில் எவனுக்காவது முப்பத்திரண்டும் முழுசாக இருந்தால் என்ன அர்த்தம்? அவன் கருப்பட்டி தின்னவில்லை. அப்போ என்ன தின்கிறான்? ரிசர்வில் கிழங்கு தோண்டுகிறான். கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லும். பாரஸ்ட் ஆபீசுக்கு எழுதுவோம்." தலையாட்டினேன். அவர் சொன்னதில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் தென்காசிக்கே வந்தாள். காலை பதினொரு மணி. வாசலில் பியூனின் குரல் கேட்டது.

"ஏட்டி, எங்கன வார? யாரப் பாக்கணும்?"

"பல்லு எண்ணுத ஆள."

ஆபீசில் நாங்கள் ஆறு பேர். ஐந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெயர் நான் மாற்றலாகிப் போகும்வரை என்னை விடவில்லை.

அவள் உள்ளே வந்தாள். எந்தக் கூரைக்குள்ளும் அவள் வந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு மூங்கில் குழாயைக் கவிழ்த்தாள். இலைப் பொட்டலங்கள் விழுந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நாரால் கட்டியது. பதினேழு.

"அரிசி கொறஞ்சிருக்கு. கிட்டங்கிக்காரன் ஒன்னக் கேக்கச் சொன்னான். பல்லு இல்லாதவனுக்கு அரைன்னு நீ சொன்னியாம்."

"ஆமாம். விதி அது."

"பல்லு இல்லன்னு யாரு சொன்னா? இந்தா இருக்கு. வாயில இருக்கதோட சேத்து எண்ணு."

நான் பொட்டலங்களைப் பார்த்தேன். பியூனும் எட்டிப் பார்த்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டான். இத்தனை நாளும் யார் கண்ணிலும் படாமல் அவள் மறைத்துவைத்ததை என் மேசைக்கு முன்னால் கொட்டியிருந்தாள். அப்போது எனக்குத் தோன்றியது இரக்கம் இல்லை. இத்தனை பல்லை எங்கே பொறுக்கினாள் என்ற சந்தேகம்தான்.

பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தேன். யாருடையது என்று அவள் நாரின் முடிச்சைப் பார்த்துச் சொன்னாள். வாயில் பத்தொன்பது, பொட்டலத்தில் ஆறு, இருபத்தைந்து. வாயில் இருபத்தொன்று, பொட்டலத்தில் ஐந்து, இருபத்தாறு. சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன். அது என் பழக்கம். அண்ணனுடைய பொட்டலத்தில் பதினொன்று. பதின்மூன்றும் பதினொன்றும் இருபத்து நான்கு. மயிரிழையில் பெரியவர். அதில் ஒரு பல் நீளமாக, கோணலாக இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

"இது மனிதப் பல்தானா? குரங்குப் பல் மாதிரி இருக்கிறது."

"அது அவன் தெத்துப்பல்லு."

"எப்படி நம்புவது?"

"ஒன் வாயில ஒண்ணப் புடுங்கித் தாரேன். பக்கத்துல வச்சு ஒத்துப் பாரு."

பியூன் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். நான் அந்தப் பல்லை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கணக்கில் சேர்த்தேன். அது எதன் பல் என்று எனக்கு இன்றும் தெரியாது.

பதினேழு பொட்டலத்தில் நூற்றுப் பதின்மூன்று. இரண்டு முறை எண்ணினேன். பதினேழு பேரும் பெரியவர்கள் ஆனார்கள். நிஜப் பிள்ளைகள் போக, மீதி அவள் ஒருத்தி.

"உன் பொட்டலம் எங்கே?"

"எனக்குப் பொட்டலம் இல்ல."

"அப்படியானால் வாயைத் திற. இல்லாவிட்டால் அரைதான்."

பதினேழு பொட்டலங்களையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, வாயைத் திறந்தாள். மேலே பதினாறு, கீழே பதினாறு. ஒரு சொத்தை இல்லை, ஒரு கறுப்பு இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு வாயை நான் எண்ணியதில்லை. அப்போது என் வாயிலேயே இரண்டு போயிருந்தது.

ஒரு வருஷமாக நான் தேடிய திருட்டுப் பொருள் அதுதான். ஏன் மறைத்தாள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவள் கைகளைப் பார்த்தேன். பத்து நகங்களில் ஏழில் செம்மண் இருந்தது.

இன்ஸ்பெக்டர் உள்ளறையில் இருந்தார். அரைக்கதவுதான், பேசினால் கேட்கும். முப்பத்திரண்டு என்று வாய்ப் பழக்கத்தில் முணுமுணுத்துவிட்டேன். ஆனால் தாளில் அவள் பெயருக்கு நேரே இருபத்து நான்கு என்று எழுதினேன். பெரியவள் என்றும் ஆகிவிடும், யார் கண்ணையும் உறுத்தாது. எண்ணியதை மாற்றி நான் எழுதியது அதுதான் முதல்முறை.

அவள் எழுந்து வந்து தாளின்மேல் குனிந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. விரலை வரிசையில் மேலே கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது அண்ணனுக்குப் போட்டது. இருபத்துநாலுன்னு சொன்ன."

"ஆமாம்."

விரல் கீழே இறங்கி அவள் வரிசைக்கு வந்தது. "இங்கயும் அதே வளைவு, அதே கம்பு. எனக்கு முப்பத்திரண்டுன்னு சொன்ன. காதுல விழுந்துது."

"மெதுவாகப் பேசு. உன் நல்லதுக்குத்தான்."

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் நிமிர்ந்தாள்.

"காட்ட அடச்சவனும் நல்லதுக்குன்னுதான் சொன்னான். கருப்பட்டி தந்தவனும் நல்லதுக்குன்னுதான் சொன்னான். எண்ணுனத எழுது."

"எழுதினால் உனக்குத்தான் கஷ்டம். சொன்னால் கேள்."

"ஒண்ணு பொய்யா இருந்தா, உள்ள இருக்கவன் எல்லாத்தையும் பொய்ம்பான். பதினேழு பேரு பல்ல நான் மலையிலேருந்து தூக்கிட்டு வந்துருக்கேன். எண்ணுனத எழுது."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நான் இருபத்து நான்கை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். மை காய்வதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பொட்டலங்களைப் பார்த்தார், தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன எவிடன்ஸ்? இவள் கொண்டுவந்ததை நீர் எழுதினீராக்கும். ஒன்றையாவது நான் பார்க்க வேண்டாமா?" அடித்துத் திருத்திய இடத்தில் அவர் விரல் நின்றது. "இதைத்தான் பார்க்கணும். ஏட்டி, வாயைத் திற."

அவள் திறந்தாள். அவர் பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணி, சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார். தாளைப் பார்த்தார்.

"சரியாக இருக்கிறது. ஒன்று தப்பியிருந்தாலும் மொத்தத்தையும் கிழித்துப் போட்டிருப்பேன்."

மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தில் பதினேழு பேர் முழு ஆளானார்கள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேனாவை மூடாமலே இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார்.

"நீ என்ன திங்குதே?"

"நீ குடுக்கதத்தான்."

"கருப்பட்டியுமா?"

"அத பிள்ளைகளுக்குக் குடுத்துருதேன்."

"அப்போ உன் வயிறு?"

அவள் மறுபடி கையால் வாயை மூடிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அவள் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். "இவளுக்கு ரேஷன் எதற்கு? காடு சோறு போடுகிறது. பாரஸ்ட் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் தரையில் உட்கார்ந்து பொட்டலங்களை மறுபடி கட்டினாள். ஒவ்வொன்றையும் பிரித்து எண்ணிவிட்டுத்தான் கட்டினாள். நூற்றுப் பதின்மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தாள். என் மேசைக்கு அடியில் பார்த்தாள். என் இரண்டு கைகளையும் விரிக்கச் சொன்னாள். விரித்துக் காட்டினேன். எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு குழாயை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

நான் எழுதிய இருபத்து நான்கு அவளைக் காப்பாற்றத்தான் என்று அவளுக்குத் தெரிந்ததா, அல்லது அவள் பல்லில் எட்டை நான் திருடப் பார்த்தேன் என்று நினைத்தாளா என்பது எனக்குத் தெரியாது. தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் இன்ஸ்பெக்டர் முன்னால் வாயைத் திறந்தாள் என்று சில நாள் நினைக்கிறேன். அப்படி நினைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது; அதனாலேயே அந்த நினைப்பின்மேல் எனக்குச் சந்தேகம்.

கடிதத்தை நான்தான் எழுதினேன். ஒரு வாரம் தாமதித்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. காவலர்கள் போய்க் கிழங்குக் குழிகளை மூடி, ஒன்பது கம்புகளைப் பறிமுதல் செய்து வந்ததாகப் பதில் வந்தது. அந்தச் சரிவில் ஒரு காவல் கொட்டகையும் போட்டார்கள்.

அடுத்த மாதம் குற்றாலத்துக்குப் போனேன். அவளுடைய அண்ணன் வந்திருந்தான். நாற்பத்தொரு பேருக்கு முப்பத்து மூன்று யூனிட். முன்பைவிட எட்டு அதிகம். கணக்கப்பிள்ளை பாதியை அரிசியாக அளந்துவிட்டு, மீதிக்குக் கருப்பட்டியைத் தட்டில் வைத்தார்.

"தங்கச்சி எப்படி இருக்கிறாள்?" என்றேன்.

"இருக்கா சாமி. எங்க பங்குலதான் திங்குதா. நாப்பத்தொண்ணப் பிரிச்சு நாப்பத்திரண்டா வைக்கோம்." தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு குனிந்து, தட்டிலிருந்த ஒரு கருப்பட்டியைத் தொட்டுக் காட்டினான். "இந்தத் தடவ இதுல தனக்கும் ஒரு துண்டு வேணும்னு கேட்டுவிட்டிருக்கா."

நான் எடையைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.